கடற்கரை ஊரில் கூரைத் தகடு வாங்குவது

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போட்டிருந்த நீல நிறக் கூரைத் தகடுகளை ஆறே ஆண்டுகளில் கழற்ற வேண்டியதாயிற்று. கீழிருந்து பார்த்தால் நிறம்கூட அதிகம் மங்கவில்லை. ஆனால் ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, ஒவ்வொரு திருகைச் சுற்றியும் காப்பி நிறத்தில் ஒரு வளையமும், இறவாரத்தின் விளிம்பில் பெயிண்ட் கொப்பளித்து உரிந்த பட்டையும் தெரிந்தன. அந்தப் பட்டையை விரலால் அழுத்தியதும் தகடு அப்பளம்போல நொறுங்கியது.

வாங்கும்போது கடைக்காரர் "0.50 தகடு சார், கனமான சரக்கு" என்றார், நானும் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பழைய ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தால், அதிலும் "கலர் ஷீட் 0.50" என்பதற்குமேல் ஒரு சொல் இல்லை. 0.50 என்பது மில்லிமீட்டரில் தகட்டின் கனம்; அது தாங்கும் பாரத்துக்கும் காற்றுக்கும் உரிய கணக்கு. துருவைத் தடுப்பது பெயிண்டுக்கு அடியில் இருக்கும் உலோகப் பூச்சு. அதைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று, இரு பக்கமும் சேர்த்துக் குறிப்பிடுவார்கள். 120 கிராம் துத்தநாகம் என்றால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 8 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேறும். 275 கிராம் என்றால் 19 மைக்ரான். வெட்டு விளிம்பில் இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் உள்ள துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும் என்பதால், அந்தக் கையிருப்பு எவ்வளவு என்பதே கூரையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இந்த முறை நான் தேர்ந்தெடுத்தது அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுள்ள, கால்வால்யூம் என்று கடைகளில் சொல்லப்படும் தகடு. 55 சதவீதம் அலுமினியம், 43.4 சதவீதம் துத்தநாகம், 1.6 சதவீதம் சிலிக்கான் கொண்ட இந்தக் கலவையை 1972-இல் அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதில் 150 கிராம் பூச்சு என்றதும், 275-ஐவிடக் குறைவாயிற்றே என்று எனக்கும் முதலில் தயக்கமாகத்தான் இருந்தது. அலுமினியம் எடை குறைந்த உலோகம் என்பதால், அந்த 150 கிராமே ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான் கனத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் இந்தப் பூச்சை அரித்துவிடும். மாட்டுத் தொழுவத்துக்கும் இது ஏற்றதன்று.

ரசீதில் பூச்சின் வகை, கிராம் அளவு, ஐ.எஸ். 15961 என்ற இந்தியத் தர எண் ஆகியவற்றை எழுதித் தரச் சொன்னேன். கடைக்காரர் சற்று முகம் சுளித்தாலும் எழுதிக் கொடுத்தார்.

நல்ல தகட்டையும் கெடுத்துவிடும் வேலை ஒன்று உண்டு. சென்ற முறை மாடியிலேயே கட்டிங் மெஷினால் தகடுகளை வெட்டினார்கள். பறந்த தீப்பொறிகள் பூச்சைச் சுட்டதோடு, இரும்புத் துகள்களாகத் தகட்டில் ஒட்டிக்கொண்டு, இரவுப் பனியில் நனைந்து மறுநாளே செம்புள்ளிகளாகிவிட்டன. இந்த முறை அளவு கொடுத்துத் தொழிற்கூடத்திலேயே வெட்டி வாங்கினேன். திருகு போட்ட அன்று மாலையே துளைத்த தூளை மெல்லிய துடைப்பத்தால் கூட்டச் செய்தேன். திருகுகளையும் மலிவாக வாங்காமல், கனமான பூச்சும் வெயிலில் வெடிக்காத ரப்பர் வாஷரும் உள்ளவையாகக் கேட்டு வாங்கினேன். ஏசியின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் நீர் தகட்டில் விழாதபடி தனிக் குழாய் வைத்தாயிற்று.

மழை படும் மேற்பரப்பைவிட மழை படாத இறவாரத்தின் அடிப்பக்கமே முதலில் துருப்பிடித்ததற்குக் காரணம், கடற்காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்பைக் கழுவிவிட அங்கே எதுவும் இல்லாததுதான். அந்த இடத்துக்கு எட்டும் அளவுக்கு நீளமான ஹோஸ் ஒன்று வாங்கி, மாடிக் குழாயில் மாட்டி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் அடிக்கிறேன்.