கன்னத்தில் சிவப்பு நூல்

ஏப்ரல் 9
மூக்கோரத்திலிருந்து கன்னம் வரை சிவப்பு நூலைப் பிய்த்துப் போட்டதுபோல் மெல்லிய கோடுகள். "சூடாக்கும், நுங்கு வாங்கித் தின்னு" என்றார் மைனி. தின்றேன். கோடு போகவில்லை.

ஏப்ரல் 11
கண்ணாடித் தம்ளரின் அடியைக் கன்னத்தில் வைத்து அழுத்தினால் கோடுகள் மறைகின்றன, எடுத்ததும் ஒரு நொடியில் திரும்ப வந்துவிடுகின்றன. அப்படியென்றால் ரத்தம் குழாய்க்குள்தான் ஓடுகிறது, தோலுக்குள் கசியவில்லை. அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளிகள் காய்ச்சலோடு வந்தால் கதை வேறு, டெங்குவில் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) குறைந்தால் அப்படி வரும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

ஏப்ரல் 14
சித்திரை விஷு. அம்மா என் கண்ணைப் பொத்திக் கொண்டுபோய்க் கனி முன்னால் உட்கார வைத்தார். கொன்றைப்பூ, வெள்ளரிக்காய், நடுவில் கண்ணாடி. கண்ணைத் திறந்ததும் முதலில் தெரிந்தது அந்தக் கோடுகள்தான்!

ஏப்ரல் 17
நாகர்கோவிலில் தோல் டாக்டர். "முகத்துக்கு என்ன போடுறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. மங்கு போக மெடிக்கலில் வாங்கிய கிரீம், ரெண்டு வருஷமாக. டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தில் மொமெட்டாசோன் என்று இருந்ததைக் காட்டினார். ஸ்டீராய்டு. முதலில் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், அதனால் முகம் வெளுத்ததுபோல் தெரியும், நாமும் பலிக்கிறது என்று தொடர்ந்து போடுவோம், நாளாக ஆகத் தோல் மெலிந்து, குழாயைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதமும் குறைந்து, குழாய்கள் விரிந்தபடியே நின்றுவிடும். போதாததற்கு வெயில் வேறு. இந்த மாதிரிக் கிரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு உத்தரவு போட்டிருக்கிறது. கடையில் யாரும் சீட்டுக் கேட்கவில்லை, நானும் டியூபைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மே 6
டாக்டர் சொன்னபடி நாள்விட்டு நாள், அப்புறம் வாரம் ரெண்டு தடவை என்று குறைத்துத்தான் நிறுத்தினேன், ஆனாலும் முகம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது. இத்தனை நாள் சுருக்கி வைத்த குழாய்கள் மொத்தமாக விரிகின்றனவாம். கட்டன்சாயாவைச் சூடாகக் குடித்தால் காதுவரை சிவக்கிறது, அதனால் ஆறவைத்துக் குடிக்கிறேன். ஆறிய சாயா ஒரு சாயாவா?

ஜூன் 12
மழை பிடித்துவிட்டது. எரிச்சல் இல்லை, பரவலான சிவப்பும் குறைந்தாச்சு. கோடுகள் மட்டும் அப்படியே. அவை தானாகப் போவது அபூர்வம், வேண்டுமானால் லேசர் இருக்கிறது என்கிறார் டாக்டர். குழாயில் ஓடும் ரத்தத்தின் சிவப்பு அந்த ஒளியை இழுத்துச் சூடாகிக் குழாயை மூடிவிடுமாம். ஒரு தடவையில் முடியாது, காசும் வேண்டும். இப்போதைக்குக் குடையும் சன்ஸ்கிரீனும் போதும்.

சாயங்காலம் மைனி மெதுவாகக் கேட்டார், "அந்த டியூப்ல மிச்சம் இருக்கா?" அவர் கன்னத்திலும் மங்கு. நான் அடுக்களையிலிருந்து கண்ணாடித் தம்ளரை எடுத்துவந்தேன்.