இடது பக்கம் இல்லை

எனக்கு 19 வயதில் ஒரு நாள் வயிற்று வலி வந்தது. அப்பெண்டிக்ஸாக இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். அது நன்றாகத்தான் இருந்தது. ரிப்போர்ட்டின் நடுவில் மட்டும் ஒரு வரி: ‘லெஃப்ட் கிட்னி நாட் விஷுவலைஸ்டு’. அதாவது, இடது சிறுநீரகம் தென்படவில்லை. அம்மாவின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து டாக்டர் சிரித்தார். “பிறவியிலேயே ஒண்ணுதாங்க. ஆயிரம் பேருல ஒருத்தருக்கு இப்படி இருக்கும். இருக்கிற ஒண்ணு கொஞ்சம் பெருசா வளர்ந்து ரெண்டு வேலையையும் பார்த்துக்கும்.” அவர் சொன்னதில் தப்பே இல்லை. ரிப்போர்ட் என் ஜாதகம் இருக்கும் மஞ்சப்பைக்குள் போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன்.

24 வயதில் நீர்க்கடுப்பு தொடங்கியது. திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. ஷிப்மென்ட் நெருங்கினால் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டோம். அதனால் எல்லோரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: சூடு. அம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். கம்பெனி வாசலில் இளநீர் விற்பவர் என்னைப் பார்த்ததும் அரிவாளை எடுத்துவிடுவார். கொஞ்ச நாள் குறையும், அப்புறம் திரும்ப வரும்.

டாக்டர்களிடமும் போனேன். யூரின் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. ஆனாலும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஒருவர் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) அழற்சி என்று ஆறு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். பாதியில் கொஞ்சம் தேவலாம் போலிருந்தது, முடித்ததும் பழையபடி ஆகிவிட்டது. மூன்று வருடத்தில் ஐந்து டாக்டர்கள். அவர்களைக் குறை சொல்லி ஒரு பதிவு எழுதலாம்தான். ஆனால் ஐந்து பேரிடமும் நான் ஒரு விஷயத்தை மறைத்தேன்.

வலி அதிகமாக வந்தது சிறுநீர் போகும்போது இல்லை. விந்து வெளியேறும்போது. ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல ஒரு வலி வந்து, அரை மணி நேரம் இருக்கும். இரண்டு முறை விந்து காப்பிப்பொடி நிறத்தில் வந்தது. அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த லாட்ஜ் வைத்தியரின் நம்பரைக் குறித்துக்கொண்டு, கூப்பிடவும் செய்தேன். பரிசோதனை எதுவும் இல்லாமல் போனிலேயே 90 நாள் லேகியத்துக்கு விலை சொன்னார். நல்லவேளை, அந்த மாதம் சம்பளம் தள்ளிப்போயிருந்தது.

ஆறாவதாகப் பார்த்த யூராலஜிஸ்ட் கோவையில். வயதானவர், மெதுவாகப் பேசுவார். உதவிக்கு நின்ற நர்ஸை வெளியே போகச் சொல்லிவிட்டு, “உறவு வெச்சுக்கும்போதோ, தனியாவோ, விந்து வர்றப்ப வலிக்குதா?” என்று நேராகக் கேட்டார். பஸ் டைம் விசாரிப்பது போன்ற குரல். அந்தக் குரலுக்காகவே சொல்லிவிட்டேன். கையுறை போட்டு மலவாய் வழியாக விரல் விட்டுப் பார்த்தார். மற்ற ஐந்து பேரும் இதைச் செய்யவில்லை. புராஸ்டேட்டுக்கு மேலே இடப்பக்கம் மெத்தென்று என்னவோ தட்டுப்படுகிறது என்றார். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: “கிட்னி ரெண்டும் இருக்குல்ல?”

நான் மஞ்சப்பைக் கதையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எம்.ஆர்.ஐ. எடுத்ததில் சந்தேகம் உறுதியானது. இடது விந்துப்பையில் (விந்து நீர் சுரக்கும் உள்ளுறுப்பு, விதைப்பை இல்லை) 6 சென்டிமீட்டர் நீர்க்கட்டி, சிறுநீர்ப்பையின் பின்பக்கத்தை முட்டிக்கொண்டு. உள்ளே பழைய ரத்தமும் புரதமும் கலந்து கெட்டியாகியிருந்ததால் சில படங்களில் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. இதற்கு ஜின்னர் சிண்ட்ரோம் என்று பெயராம். 1914-இல் ஜின்னர் என்ற மருத்துவர் முதலில் எழுதினார். ஒரு பக்கச் சிறுநீரகம் இருக்காது, அதே பக்கத்து விந்துப்பையில் கட்டி இருக்கும், அந்தப் பக்கத்து விந்து வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். மூன்றும் சேர்ந்து வரும்.

சிறுநீரகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பிரிஸ்கிரிப்ஷனின் பின்பக்கத்தில் ஒரு குழாயை வரைந்தார். கருவில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் உண்டு, வொல்ஃபியன் குழாய் என்று பெயர். ஐந்தாவது வாரம் வாக்கில் அதன் கீழ்ப்பகுதியிலிருந்து ஒரு மொட்டு கிளம்பி மேலே போய் அங்கிருக்கும் திசுவைத் தொட வேண்டும், அப்போதுதான் சிறுநீரகம் உருவாகும். ஆண் குழந்தைக்கு அதே குழாய்தான் பிறகு விந்துக்குழாயாகவும் விந்துப்பையாகவும் மாறும். குழாயின் அடியில் கோளாறு என்றால் இரண்டும் கெடும். விதை வேறு இடத்திலிருந்து உருவாவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. வயசுக்கு வந்தபிறகு விந்துப்பை சுரக்கத் தொடங்கும். வெளியே போக வழியில்லாமல் வருடக்கணக்கில் தேங்கி வீங்கும். அதனால்தான் பெரும்பாலும் இருபது, முப்பது வயதில் தெரியவருகிறது. (ஒரு சிறுநீரகத்தோடு பிறந்த பெண் பிள்ளைகளுக்குக் கருப்பையையும் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது என்றும் சொன்னார். அங்கேயும் இதுபோல ஜோடிக் கோளாறு வரலாமாம்.)

விந்துப் பரிசோதனை ஒரு தனிக் கூத்து. கதவு சரியாகச் சாத்தாத அறை, வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அளவு 1 மில்லிதான் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு 1.4 மில்லியைக் கீழ் எல்லையாக வைக்கிறது. விந்தணு எண்ணிக்கை குறைவு, ஆனால் இருந்தது. வலப்பக்கம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

தொந்தரவு இல்லாதவர்களுக்கு அவ்வப்போது பார்த்துக்கொண்டாலே போதும், சிகிச்சை வேண்டாம். எனக்கு அப்படி விடமுடியாது. ஊசியால் உறிஞ்சினால் திரும்ப நிறையும். சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டு அடைப்பைத் திறப்பது ஒரு வழி. என் கட்டி இருந்த இடத்துக்கு லேப்ராஸ்கோப்பியில் மொத்தமாக எடுப்பதுதான் சரி என்றார். பக்கத்திலேயே மலக்குடல், நரம்புகள், வலப்பக்கத்து நல்ல குழாய் எல்லாம் இருப்பதால் என்னென்ன ஆகலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். கையெழுத்துப் போடும்போது அப்பாவுக்குத்தான் கை நடுங்கியது.

நாலு மணி நேர ஆபரேஷன். நான்கு சின்னத் தழும்புகள். சிறுநீருக்குப் போட்டிருந்த டியூபை எடுத்த அன்று சிறுநீர் எரிந்தது, அது டியூபினால் வந்த எரிச்சலாம். இரண்டு மாதம் கழித்து அந்தக் கட்டைவிரல் வலி இல்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். எப்படி என்று எழுதத் தேவையில்லை. இப்போது வருடம் ஒருமுறை கிரியேட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். வலி மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கி நானாகப் போடக்கூடாது. அவ்வளவுதான்.

இப்போது பெண் பார்க்கிறார்கள். “ஒரு கிட்னின்னு மட்டும் சொல்லிரு சாமி, மத்ததெல்லாம் எதுக்கு” என்றார் அம்மா. போன வாரம் அந்தப் பெண்ணிடம் போனில் இரண்டையும் சேர்த்தே சொன்னேன், விந்தணு எண்ணிக்கை உட்பட. சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்புங்க, படிச்சுட்டுச் சொல்றேன்” என்றாள். 19 வயதில் எடுத்த அந்தப் பழைய ஸ்கேனிலிருந்து வரிசையாக அனுப்பியிருக்கிறேன்.