முட்டை பொரிந்த தட்டு

சி. எலிகன்ஸ் என்ற குட்டி ஆய்வகப் புழுவில் எனக்குக் கொடுத்த வேலை கேட்பதற்குச் சுலபம். இரண்டு வகைப் புழுக்கள். இரண்டின் இனச்செல்களிலும் (முட்டையாகவோ விந்தாகவோ மாறும் செல்கள்) பச்சை ஒளிர்புரதத்தை ஒரே தொடக்கிதான் (ஜீனை இயக்கிவிடும் டிஎன்ஏ பகுதி) இயக்குகிறது. எம்ஆர்என்ஏவின் (ஜீனிலிருந்து புரதம் செய்ய எடுக்கும் நகல்) வால், அதாவது புரதமாக மாறாத கடைசிப் பகுதி (3' யூடிஆர்), மட்டும் வேறு. டியூபுலின் ஜீனின் வால் போட்ட புழுவில் இனச்சுரப்பி முழுக்கப் பச்சை. மஞ்சள்கரு ஏற்பியான ஆர்எம்ஈ-2இன் வால் போட்டதில் முட்டைச்செல்கள் மட்டும் பச்சை. அவற்றுக்கு முந்தைய செல்களெல்லாம் இருட்டு. இனச்செல்களில் புரதம் எப்போது உருவாகும் என்பதைப் பெரும்பாலும் வால்தான் தீர்மானிக்கிறது என்று 2008இல் ஜெரால்டின் செய்டூ குழு பல ஜீன்களை வைத்துக் காட்டியிருக்கிறது.

ஆர்எம்ஈ-2 எம்ஆர்என்ஏவைப் பிடித்துக்கொண்டு புரதமாக விடாமல் வைத்திருப்பது ஜிஎல்டி-1 என்ற இன்னொரு புரதம். அதை எடுத்துவிட்டால் இருட்டில் பச்சை தெரிய வேண்டும். எடுப்பதற்கு வழி, அந்த ஜீனுக்கான இரட்டை இழை ஆர்என்ஏவைத் தயாரிக்கும் ஈ. கோலை பாக்டீரியாவைப் புழுவுக்குத் தீனியாகப் போடுவது. தின்ற புழுவில் அந்த ஜீனின் எம்ஆர்என்ஏ அழிந்துவிடும்.

மூன்று முறை போட்டேன். ஒன்றும் மாறவில்லை. புழு வகையில்தான் கோளாறு என்று முடிவே கட்டிவிட்டேன். லேபில் மூத்த அக்கா ஒருவர் எட்டிப் பார்த்து, "பாஸ்-1 தட்டு எங்கேடா?" என்றார். பாஸ்-1 கரு வளரத் தேவையான ஜீன். அதற்கான தீனி வேலை செய்தால் முட்டை பொரியாது, அதுதான் சோதனை. நான் வைக்கவே இல்லை. வைத்துப் பார்த்தால் தட்டு முழுக்கக் குஞ்சுகள் நெளிகின்றன. தட்டில் இருந்த ஐபிடிஜி (பாக்டீரியாவை அந்த ஆர்என்ஏவைத் தயாரிக்கத் தூண்டும் ரசாயனம்) பழசு. பாக்டீரியா இரட்டை இழை ஆர்என்ஏவையே தயாரிக்கவில்லை. ஒரு மாதம் போயிற்று.

புதிய ஐபிடிஜி ஊற்றியதும் பாஸ்-1 முட்டைகள் பொரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்! ஜிஎல்டி-1 தீனி தின்ற புழுவை லெவாமிசோலில் மயக்கி, தொண்டைக்குப் பின்னால் ஊசியால் வெட்டினால் இனச்சுரப்பி தானாகவே பிதுங்கி வெளியே வரும் (இது கைக்குப் பழகவே இரண்டு வாரம்). நடுப்பகுதியில் பச்சை வந்திருந்தது.

ஆனால் முட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன உட்கருக்கள் குவிந்து கிடந்தன. ஜிஎல்டி-1 இல்லாவிட்டால் மியாசிஸில் (முட்டை, விந்து உருவாக்கும் செல்பிரிவு) நுழைந்த செல்கள் திரும்பிச் சாதாரணப் பிரிவுக்கே வந்து கட்டியாகிவிடும். செல்லே மாறிப்போன இடத்தில் தெரியும் பச்சையை வைத்து வாலைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அதனால் கட்டிக்கு முந்தைய பகுதியை மட்டும் எண்ணினேன்.

நுனியில் இருக்கும் தண்டுச்செல்களில் ஜிஎல்டி-1ஐயே அடக்குபவை எஃப்பிஎஃப்-1, எஃப்பிஎஃப்-2 என்ற இரண்டு புரதங்கள். ஒன்றை எடுத்தால் மற்றது சமாளித்துவிடும். இரண்டையும் எடுத்தால் தண்டுச்செல்களே நிலைக்காது. இந்த வாரத் தட்டுகள் அதற்குத்தான். பாஸ்-1 தட்டை முதலிலேயே ஊற்றிவிட்டேன்.