குறுக்குக்கு ஏறிய வலி

விடியும் முன்பே கம்பத்தில் ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலையேறி, இடுக்கி ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, மாலையில் அதே ஆட்களை அள்ளிக்கொண்டு வரும். என் பிசியோதெரபி அறையில் கூட்டம் சேர்வது அந்த ஜீப்புகள் திரும்பிய பிறகுதான். அதனால் காலையில் திறப்பதையே விட்டுவிட்டேன். வருகிறவர்களில் பாதிப் பேர் மேல் பச்சை ஏலக்காய் மணக்கும், மீதிப் பேர் மேல் வலித்தைலம்.

கையில் உள்ள சீட்டில் 'சயாட்டிகா' என்று எழுதியிருக்கும், அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி. அந்தச் சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். "ஜவ்வு விலகிருச்சு" என்பார்கள். "சப்பையில ஆரம்பிச்சு கெண்டைக்கால் வரைக்கும் கரண்டு அடிக்குது" என்பார்கள். நான் படித்த புத்தகங்களில் இதைவிடச் சரியான விவரிப்பு கிடையாது. இடுப்பு முதுகெலும்பின் கடைசி இரண்டு நரம்பு வேர்களும், அதற்குக் கீழேயிருந்து வரும் மூன்று வேர்களும் சேர்ந்து, உடம்பிலேயே தடித்த நரம்பாகப் பிட்டத்துக்குள் நுழைந்து, பின்தொடை வழியே இறங்குகிறது. கோயில் மணிக்கயிறு மாதிரி. இழுபடுவது இங்கே, அடிப்பது அங்கே. இந்த வலிக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு பிதுங்கி வேரை அழுத்துவது காரணமாகலாம் என்று மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் 1934-இல் எழுதிய பிறகுதான் வைத்தியர்களின் பார்வை காலை விட்டு முதுகுக்கு வந்தது. எங்கள் ஊரில் இன்னமும் வரவில்லை. கெண்டைக்காலுக்குத்தான் தைலம்.

நான் வேலைக்கு வந்த மூன்றாவது வருடம் ஒரு அக்கா வந்தார். காய் எடுப்பு வேலை. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பி மண்ணில் படரும் சரத்தில் காய்க்கும். எடுக்க வேண்டுமானால் குத்தவைக்க வேண்டும், அல்லது ஈர மண்ணில் உட்கார்ந்து முதுகை வளைத்தே நகர வேண்டும். அட்டைக்கடி வேறு. வேலை முடிந்தால் ஜீப்பின் பின்பலகையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி இறங்க வேண்டும். நாள் முழுக்க முதுகு ஒரே பக்கமாகத்தான், முன்னால்தான், வளைகிறது.

அவரைக் குப்புறப் படுக்கவைத்தேன். ஐந்து நிமிடம் கழித்துக் கைகளை ஊன்றி மார்பை மட்டும் மெல்ல உயர்த்தச் சொன்னேன். இந்த முறைக்குப் பின்னால் ஒரு தற்செயல் உண்டு. நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் 1956-இல் வந்த ஒருவர், தலைப்பக்கம் தூக்கியிருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடி கொஞ்ச நேரம் கிடந்ததில் கால் வலி விட்டுவிட்டது. கால் வலி மேலே ஏறி முதுகின் நடுவில் வந்து ஒடுங்கினால் நல்ல குறி என்பது அப்படித்தான் எங்கள் தொழிலுக்குள் வந்தது. வலி முதுகில் கூடினாலும்கூட நல்ல குறிதான்.

இது எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை. நான்கு நாள் வந்தார், நின்றுவிட்டார். பிறகு சந்தையில் கண்டபோது நேராகவே கேட்டார்: "கால்ல கிடந்த வலியக் குறுக்குக்கு ஏத்திவிட்டுட்டியே பாப்பா! காலோட போயிருக்கும்ல?" மலைக்கு மேலே யாரிடமோ உழிச்சலுக்கு, எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதற்கு, போய் நன்றாகிவிட்டதாம். எப்படியும் குறைந்துகொண்டிருந்த வலிக்குப் பெயர் வாங்கியது எண்ணெய். சரி, போகட்டும். முதல் நாளே "குறுக்கு வலிக்கும், பயப்படாதீங்க, கால் விடுதான்னு மட்டும் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நின்றிருக்க மாட்டார்.

இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது. அதை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்கும். ஜீப் ஓட்டுகிற தம்பி ஒருவர். தினமும் வலி தணிக்கிற கரண்டு மெஷின் வைத்தேன், பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டேன். எட்டு, ஆறு, மூன்று என்று இறங்கியது. சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் கூட வந்த அவர் அம்மா, "வலியெல்லாம் தேவலை தாயி, ஆனா செருப்பு கால்ல நிக்க மாட்டேங்குது" என்றார். குதிகாலில் நடக்கச் சொன்னேன். வலது பாதம் எழும்பவில்லை. பெருவிரலை அழுத்திப்பிடித்துத் தூக்கச் சொன்னேன், எதிர்ப்பே இல்லை. நசுங்கிய வேர் வலியைச் சொல்வதையும் விட்டிருந்தது, பாதத்தைத் தூக்குவதையும் விட்டிருந்தது. அன்று இரவே மதுரைக்கு அனுப்பினேன். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பாதம் பெரும்பாலும் திரும்பியது. முதல் நாளில் நான் அவரை நடக்கவைத்துப் பார்க்கவே இல்லை என்பது மட்டும் திரும்பாது.

வலி கூடினால் கெட்டது, குறைந்தால் நல்லது என்ற கணக்கு இந்த நரம்பிடம் செல்லாது. இப்போது யார் வந்தாலும், எத்தனை தடவை வந்தாலும், குதிகாலில் நாலு எட்டு, முன்பாதத்தில் நாலு எட்டு. அப்புறம் கூச்சப்படாமல் ஒரு கேள்வி: ஒண்ணுக்குப் போவது எப்போதும்போல இருக்கிறதா, வெளிக்குப் போய்விட்டுக் கால் கழுவும்போது தண்ணீர் படுவது தெரிகிறதா? அங்கே மதமதப்பு என்றாலோ, சிறுநீர் அடைத்தாலோ, என் அறையில் அவருக்கு வேலை இல்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரி.

எம்.ஆர்.ஐ. படத்தைக் கண்டு நடுங்குகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன். முதுகு வலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்த 1994 ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஒரு தட்டாவது புடைத்திருந்தது. நிஜமாகவே பிதுங்கியதும் பலருக்குச் சில மாதங்களில் தானாகச் சுருங்கும்.

"படுத்து ஓய்வெடுங்கள்" என்று சொல்வதை விட்டுவிட்டேன். அன்றைக்கு மலையேறாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. அதோடு, நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதால் இந்த வலி சீக்கிரம் போவதும் இல்லை. அதனால் என் வைத்தியத்தையே தோட்டத்துக்கு ஏற்றிவிட்டேன். ஒரு தூர் முடிந்ததும் எழுந்து நின்று, இடுப்பில் கைகளைக் கொடுத்து, ஐந்து முறை பின்னால் சாய வேண்டும். ஜீப்பில் துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைக்க வேண்டும். முன்சீட்டு கிடைத்தால் நல்லது, ஆனால் அது கங்காணிக்கு. எல்லோருக்கும் இதே பாடம் கிடையாது. நடந்தால் கால் கனத்து, குனிந்தால் சுகப்படும் வயதானவர்களுக்குத் தண்டுவடப் பாதையே குறுகியிருக்கலாம். பின்னால் சாயச் சொன்னால் என்னைத் திட்டுவார்கள், திட்டியிருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு பெண், "நேத்துக் கெண்டைக்கால்ல இருந்துச்சுக்கா, இன்னைக்குத் தொடையோட நின்னுக்கிருச்சு" என்று தானாகவே கணக்குச் சொன்னார். கூட வேலை பார்க்கும் மூவருக்கும் சாயக் கற்றுக்கொடுத்துவிட்டாராம். நான்கு பேரும் வரிசையாக நின்று பின்னால் சாய்வதைப் பார்த்துக் கங்காணி கேட்டிருக்கிறார்:

"என்னங்கடி, மழை வருதான்னு பாக்குறீங்களா?"