கண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பூச்சிதான்

புதுச்சேரிக்கு வடக்கே, புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் பொழுது சாயும்போது நடந்தால், காலடியில் ஒரு சருகு எழுந்து நாலடி தள்ளிப்போய் விழும். அதுதான் காமன் ஈவினிங் பிரவுன் என்ற வண்ணத்துப்பூச்சி. அறிவியல் பெயர் மெலானிடிஸ் லீடா; அதில் 'லீடா' 1758-இல் இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் வைத்தது. பகலில் நிழலில் கிடந்துவிட்டு அந்தியில்தான் பறக்கும். பூவைவிட அழுகிய பழம்தான் இஷ்டம். காட்டோரம் நசுங்கிக் கிடக்கும் பனம்பழத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

கார்த்திகையில் எடுத்த படத்தையும் பங்குனியில் எடுத்ததையும் பார்த்துவிட்டு, "சித்தப்பா, ரெண்டும் வேற வேற பூச்சிதானே?" என்றாள் அண்ணன் மகள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே பூச்சிதான். மழைக்காலத்துப் பூச்சிக்கு இறக்கையின் அடிப்பக்க ஓரத்தில் வரிசையாகக் கண்புள்ளிகள் இருக்கும். கொத்த வரும் பல்லியோ பறவையோ உடம்பை விட்டுவிட்டு அந்தக் கண்ணைக் கொத்தும். இறக்கை கிழிந்தாலும் உயிர் தப்பும். வறண்ட மாதங்களில் காடெல்லாம் சருகு. அப்போது அசையாமல் கிடப்பதுதான் பாதுகாப்பு. கண்புள்ளிகள் மங்கிவிடும், முன்னிறக்கை நுனி இன்னும் கூர்மையாக வளையும், ஒன்றின் நிறம் இன்னொன்றுக்கு இருக்காது. எந்த உடுப்பு என்பது புழுவாக இருக்கும்போதே, அப்போது படும் வெப்பத்தைப் பொறுத்துத் தீர்மானமாகிவிடுகிறது. எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கும் விஷயம் இது.

ஆகவே அடிப்பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். மேல்பக்கம், முன்னிறக்கை நுனியருகே ஒரு கறுப்புத் திட்டு, அதற்குள் இரண்டு வெள்ளைப் புள்ளி, ஒட்டினாற்போல் ஆரஞ்சுத் தீற்றல். இறக்கையை மூடியே உட்காருவதால் எழும் நொடியில்தான் கண்ணில் படும். புஷ்பிரவுன் என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியோடு குழப்பம் வந்தால் அளவைப் பாருங்கள், அது சின்னது.

இதன் பிள்ளைப்பருவம் காட்டோடு நிற்பதில்லை. பாகூரில் எங்கள் நெல் வயலிலும் உண்டு. புல், நெல் தாளில் மணி மாதிரி உருண்டை முட்டை. பச்சைப் புழு, தலையில் இரண்டு கொம்பு, வாலிலும் இரண்டு முனை. தாளின் நீளவாக்கில் ஒட்டிக் கிடந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். அப்புறம் பச்சைக் கூட்டுப்புழுவாகித் தாளிலேயே தலைகீழாகத் தொங்கும். நெல்லுக்குப் பெரிய சேதம் செய்யும் புழு இல்லை இது. நாலு தாள் கடிபட்டதற்காக மருந்து அடிக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சண்டையே போட்டிருக்கிறேன்.

படம் எடுத்தால் மாதத்தையும் மறக்காமல் குறித்து வையுங்கள். இந்தப் பூச்சிக்கு அது ரொம்ப முக்கியம்.