பைலட் ஆக நினைக்கும் கடற்கரைப் பிள்ளைகளே, முதலில் காற்றைப் படியுங்கள்

பைலட் படிப்புக்குப் போக ஆசைப்படும் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துத் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, கட்டணம் எவ்வளவு, கணக்கு கஷ்டமா என்பதுதான். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் சிறிய விமானத்தில் பயிற்சி தொடங்கிய பிறகு தினமும் நம்மைச் சோதிப்பது காற்றுதான். மண்டபத்திலும் பாம்பனிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைப் பற்றி ஏற்கெனவே நிறையத் தெரியும். அந்த அறிவைப் பாடத்தோடு சேர்த்துப் படிப்பது எப்படி என்றுதான் இதில் சொல்ல வருகிறேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே மெடிக்கலை முடித்துவிடுங்கள். டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1 மருத்துவச் சான்றிதழ். கண்ணிலோ காதிலோ குறை இருந்தால் அது கட்டணம் கட்டிய பிறகு தெரியவரக் கூடாது. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், எழுத்துத் தேர்வுகளில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். பயிற்சிக்கு வெளியூர்தான் போகணும். உச்சிப்புளியில் இருக்கும் ஐ.என்.எஸ். பருந்து கடற்படையின் தளம், நமக்கு அங்கே பயிற்சி கிடையாது.

சரி, காற்றுக்கு வருவோம். வானிலைத் தேர்வுத் தாளைக் கேள்வி வங்கியை மட்டும் வைத்துப் படித்துத் தேறிவிட முடியும். ஆனால் அப்படிப் படித்தது காக்பிட்டில் உட்கார்ந்ததும் கைகொடுக்காது. நம்ம ஊரில் இருக்கும் வரை அந்தப் பாடத்தைக் கடற்கரையில் வைத்தே படிக்கலாம். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மன்னார் வளைகுடா பக்கம் கடல் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் இது அப்படியே மாறும். ஏன் என்று யோசித்தால் தென்மேற்கு, வடகிழக்குப் பருவக்காற்றுப் பாடம் பாதி முடிந்த மாதிரி. பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது, அதன் மேலுள்ள காற்று எழும்புகிறது, அந்த இடத்துக்குக் கடல்காற்று வருகிறது. அது எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூடவே மதுரை விமான நிலையத்தின் மெட்டார் (விமான நிலைய வானிலை) அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். அதில் நேரம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும், 0330 என்றால் நமக்குக் காலை 9 மணி. தேர்வில் நேரக் கணக்கில் தடுமாறுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் பெரிய உதவி.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் நாட்களை வீணாக்காதீர்கள். வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடப்பக்கம் இருக்கும். புத்தகத்தில் இது பைஸ் பாலட் விதி. பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்துவிட்டு, செய்தியில் சொல்லும் தாழ்வு மண்டலத்தின் இடத்தை வரைபடத்தில் குறித்து ஒப்பிடுங்கள். ஒருமுறை இப்படிப் பார்த்துவிட்டால் அந்த விதியை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

அடுத்தது கிராஸ்விண்ட், அதாவது பக்கவாட்டுக் காற்றுக் கணக்கு. இது தேர்விலும் வரும், ஒவ்வொரு தரையிறக்கத்திலும் வரும். ரன்வேக்கும் காற்றுக்கும் இடையிலான கோணம் 30 டிகிரி என்றால் பக்கவாட்டுக் காற்று மொத்த வேகத்தில் பாதி, 45 டிகிரி என்றால் சுமார் 70 சதவீதம், 60 டிகிரிக்கு மேல் முழுசாகவே வைத்துக்கொள்ளலாம். ரன்வே 09 (அதாவது 90 டிகிரி திசை), காற்று 120 டிகிரியிலிருந்து 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்) என்றால் பக்கவாட்டில் 8 நாட். இதை மனதிலேயே போடப் பழகுங்கள். செஸ்னா 172 கையேட்டில், சோதித்துக் காட்டிய பக்கவாட்டுக் காற்றின் அளவு 15 நாட். மாணவர்களுக்குப் பயிற்சிப் பள்ளி அதைவிடக் குறைவாகவே வரம்பு வைக்கும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. அது சுமார் 31 நாட். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் விமானம் எவ்வளவு இலேசானது என்று புரியும்.

தரையிறக்கத்தில் பெரும்பாலானோர் திணறுவது ரன்வேயின் நடுக்கோட்டைப் பிடிப்பதில்தான். நீரோட்டம் குறுக்கே இழுக்கும்போது வள்ளத்தின் மூக்கை ஓட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் திருப்பி வைத்தால்தான் நேராகக் கரை சேரும். விமானத்தையும் காற்று வரும் பக்கம் அப்படித்தான் திருப்பி வைத்து இறங்கி வருகிறோம். ஆனால் அதே கோணத்தில் சக்கரம் தரையைத் தொடக் கூடாது. தொடுவதற்குச் சற்று முன்பு எதிர்ப்பக்க ரட்டரால் (வாலில் இருக்கும் திருப்பும் தகட்டால்) மூக்கை ரன்வேக்கு நேராக்கி, காற்று வரும் பக்கத்து இறக்கையை ஏலிரானால் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகட்டால்) சற்றுத் தாழ்த்த வேண்டும். காற்று இடப்பக்கம் என்றால் இடது ஏலிரான், வலது ரட்டர். கண் ரன்வேயின் கோடியில் இருக்கட்டும். மூக்குக்குக் கீழே பார்த்தால் உயரம் பிடிபடாது.

நடுக்கோடு கைக்கு வரவில்லை என்றால் கோ-அரவுண்ட் போங்கள், அதாவது இறங்காமல் மறுபடியும் மேலே ஏறிச் சுற்றி வாருங்கள். இன்ஸ்ட்ரக்டர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அதை நீங்களே முடிவு செய்வதைத்தான் அவர் சோலோ (தனியாகப் பறக்க) அனுப்புவதற்கு முன் எதிர்பார்க்கிறார்.

சக்கரம் தொட்டதும் வேலை முடிந்தது என்று கையைத் தளர்த்திவிடாதீர்கள். வேகம் குறையக் குறைய ஏலிரானின் பிடியும் குறையும். அதனால் அதைக் காற்று வரும் பக்கமாகக் கூட்டிக்கொண்டே போய், ஓட்டம் முடியும்போது முழுசாகத் திருப்பி வைத்திருக்க வேண்டும். ரன்வேயை விட்டு டாக்ஸிவேக்கு (விமானம் தரையில் ஊர்ந்து செல்லும் பாதைக்கு) திரும்பும்போது காற்று வேறு பக்கத்திலிருந்து அடிக்கும், அப்போது மறுபடியும் மாற்றி வையுங்கள்.