குளியலறைக் கைப்பிடி: ஆள் வருவதற்கு முந்தின நாள்

சிங்கப்பூரருக்குச் சொந்தமான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆன குடும்பத்தார் இருந்தால், முதியோருக்கேற்ப வீட்டில் கைப்பிடி போன்றவற்றைப் பொருத்தித் தரும் ஈஸ் (EASE) திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 வயதுக்காரர்களுக்கு, குளிக்கவோ உடுத்தவோ மற்றவர் துணை தேவைப்பட்டால் கிடைக்கும். வீட்டின் அளவுக்கேற்ப செலவில் 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசாங்கமே ஏற்கிறது. 2024 ஏப்ரல் முதல் மடக்கும் குளியல் இருக்கை, விளக்குள்ள பெரிய சுவிட்ச் எல்லாம் சேர்ந்திருக்கின்றன.

பணம் பிரச்சினை இல்லை. இடம்தான் பிரச்சினை. பொருத்த வருகிறவர் வழக்கமான இடத்தில் துளை போட்டுவிட்டுப் போவார், பாட்டி அறையில் உட்கார்ந்திருப்பார். தயவுசெய்து அப்படி விடாதீர்கள்.

முந்தின நாளே, தரை காய்ந்திருக்கும்போது, பெரியவரைக் கழிவறைத் தொட்டியில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். உள்ளங்கை தானாகப் போய்ப் பதியும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். பக்கவாதம் வந்தவர் என்றால் வலுவுள்ள கைப் பக்கம். கதவு நிலையையும் பாருங்கள்: சாயம் மங்கி, கைபட்டுக் கறுத்த இடம் இருக்கும். வாசல் கட்டையைத் தாண்ட அவர் பிடிப்பது அங்கேதான், அங்கேயும் ஒரு கைப்பிடி வேண்டும். துண்டுக் கம்பியைப் பிடித்து எழுகிறவர்கள் நிறையப் பேர். அது துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது.

கைப்பிடி 32 முதல் 40 மில்லிமீட்டர் பருமன் இருக்கட்டும். சுவருக்கும் அதற்கும் 40 மில்லிமீட்டர் இடைவெளி போதும். கூடினால் முழங்கை உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வகை வேண்டவே வேண்டாம். டைல் இடுக்கு வழியாகக் காற்றுப் புகுந்ததும் கழன்றுவிடும்.

வழுக்காமல் இருக்கத் தரைக்குப் பூசும் மருந்து நல்லதுதான். ஆனால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் சீயக்காயும் அதன்மேல் படலமாகப் படிந்தால் மறுபடி வழுக்கும். அன்றே சவர்க்காரத் தூள் போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

சரிவுப் பலகைக்குக் கணக்கு 1:12. பத்து சென்டிமீட்டர் வாசல் கட்டைக்கு 1.2 மீட்டர் நீளம் வேண்டும், சமையலறை ஓரத்துக் குளியலறை வாசலில் அதற்கு இடமிருக்காது. கட்டையின் உயரத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்களாக உடைத்தால் நீர்க்காப்பு போய்க் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும்.

கதவு உள்பக்கம் திறந்தால், விழுந்தவர் உடலே அதை அடைத்துவிடும். வெளிப்பக்கம் திறப்பதாகவோ மடிப்பதாகவோ மாற்றுங்கள். நாணயத்தால் வெளியிலிருந்து திருகித் திறக்கும் பூட்டாக இருக்கட்டும்.

வேலை முடிந்ததும், அவர்கள் கிளம்புமுன், ஒவ்வொரு கைப்பிடியையும் உங்கள் முழு எடையும் போட்டு இழுத்துப் பாருங்கள். துளிகூட அசையக்கூடாது.